குழந்தைகளுடன் வங்கத்துக் காடுகளுக்கு: பெற்றோருக்குச் சில பாடங்கள்

கோடை விடுமுறை வந்தால் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், அங்கிருந்து அவரவர் சொந்த ஊருக்குச் செல்வது நம் சங்கத்துக் குடும்பங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். பூஜை விடுமுறை என்றால் பூரி அல்லது டார்ஜிலிங். ஆனால் நாம் வாழும் இந்த மேற்கு வங்கத்திலேயே 6 தேசியப் பூங்காக்கள் உள்ளன என்பதையும், அவற்றுள் ஒன்றின் வாசலுக்குக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம் என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் கேட்டால் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். தூரம் அதிகம், காடு ஆபத்தானது, அவ்வளவு பாடுபட்டுப் போனாலும் புலி கண்ணில் படாது.

மூன்றுமே நியாயமான தயக்கங்கள்தாம். கொல்கத்தாவில் முப்பது ஆண்டுகள் பள்ளிக் குழந்தைகளுக்கு உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் மகன், மருமகள், 8 வயதுப் பேத்தி, 5 வயதுப் பேரன் ஆகியோருடன் ஒரு குளிர்காலத்தில் சுந்தரவனத்துக்கும், அடுத்த பூஜை விடுமுறையில் வட வங்கத்துக்கும் காரில் சென்று வந்தேன். அந்த அனுபவத்தையும், ஆசிரியை என்ற முறையில் நான் அறிந்தவற்றையும் சேர்த்து, சிறு குழந்தைகள் உள்ள பெற்றோருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

1. தேசியப் பூங்கா என்றால் என்ன?

முதலில் குழந்தைகளுக்கு இதை விளக்க வேண்டும். "பூங்கா" என்று சொன்னதும் என் பேரன், "அங்கே ஊஞ்சல் இருக்குமா பாட்டி?" என்று கேட்டான். கேள்வியில் தவறில்லை. அவனுக்குத் தெரிந்த பூங்கா ரவீந்திர சரோவர் ஏரிக்கரைப் பூங்காதான்.

உலகின் முதல் தேசியப் பூங்கா 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏற்பட்ட யெல்லோஸ்டோன். இந்தியாவில் முதலாவது 1936ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்தில் அமைந்தது. இன்று அதை ஜிம் கார்பெட் தேசியப் பூங்கா என்று அழைக்கிறோம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயம், தேசியப் பூங்கா என்று இரு வகைகளைப் பிரிக்கிறது. சரணாலயத்தில் அங்குள்ள மக்களுக்குச் சில உரிமைகளை அனுமதிக்க இடமுண்டு. தேசியப் பூங்காவில் ஆடு மாடு மேய்ப்பதற்குக்கூட அனுமதி இல்லை. குழந்தைகளிடம் இப்படிச் சொன்னேன்: "அது விலங்குகளோட வீடு. நாம அங்கே விருந்தாளி. விருந்துக்குப் போன வீட்டில் சத்தம் போடுவோமா? கேட்காமல் எதையாவது எடுப்போமா?" சட்டத்தின் சாரம் 5 வயதுப் பையனுக்கு இவ்வளவு போதும்.

மேற்கு வங்கத்தின் ஆறு பூங்காக்கள் சுந்தரவனம், கோருமாரா, ஜல்தாபாரா, பக்ஸா, நேவரா பள்ளத்தாக்கு, சிங்கலீலா என்பன. சிங்கலீலாவில் உள்ள சந்தக்பூ சிகரம் 3,636 மீட்டர் உயரம். அதுவும், நேவரா பள்ளத்தாக்கும் மலையேறி நடப்பவர்களுக்கான இடங்கள். பக்ஸாவில் பழைய கோட்டையைப் பார்க்க மலைப்பாதையில் நடக்க வேண்டும். ஆகவே 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு முதல் மூன்றுமே ஏற்றவை. மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிட எண்ணக்கூடாது. ஒரு விடுமுறைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் குழந்தைகளும் களைப்படைய மாட்டார்கள், நமக்கும் கோபம் வராது.

2. எப்போது போவது?

சுந்தரவனத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வெயில் கடுமையாக இராது. குளிர்ந்த காலை நேரங்களில் முதலைகள் வெயில் காயச் சேற்றுக்கரைக்கு வரும். கோடையில் புழுக்கமும் திடீர்ப் புயல் மழையும் உண்டு. மழைக்காலத்தில் ஆறுகள் கொந்தளிப்பாக இருக்கும். சிறு பிள்ளைகளுடன் படகில் போகும் பருவங்கள் அல்ல அவை. பொங்கல் விடுமுறையில் செல்ல எண்ணுவோர் அதே நாட்களில் கங்காசாகர் மேளா நடப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேளா நடக்கும் இடம் வேறு திசையில் இருந்தாலும், நகரத்தை விட்டு வெளியேறும் சாலைகளில் நெரிசல் மிகும்.

வட வங்கக் காடுகள் மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை, பயணிகளுக்கு மூடப்பட்டிருக்கும். எனவே பூஜை விடுமுறையோ, டிசம்பர் விடுமுறையோ வசதி. இவை தவிர வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் வழக்கமும் காடுகளில் உண்டு. எந்த நாள் என்பதைக் கிளம்புமுன் வனத்துறையிடம் கேட்டறிந்து கொள்ளவும். நெடுந்தூரம் வந்து மூடிய கதவின் முன் நிற்கும் ஏமாற்றத்தைக் குழந்தைகளுக்கு விளக்குவது கடினம்.

3. சாலைப் பாடம்

பெரியவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுகிறோம். குழந்தைகளுடன் போகும்போது மணியில் கணக்கிட வேண்டும். ஒரு நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம் கூடாது. இரண்டு மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, கீழே இறக்கி, பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். எங்கள் இரு பயணங்களையும் இந்த மூன்று விதிகளை வைத்தே என் மகன் திட்டமிட்டான்.

பிள்ளைகளை மடியில் உட்கார்த்திக்கொண்டு முன் இருக்கையில் போவது நம்மிடையே உள்ள பழக்கம். அதை அறவே விட வேண்டும். வண்டி திடீரென்று நின்றால் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட் அல்லது குழந்தை இருக்கையில் பாதுகாக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைக்காகச் செய்ய வேண்டியது இது.

வண்டியில் வாந்தி எடுப்பது இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அதிகம். கண் பார்ப்பது ஒன்று, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு உணர்வது வேறொன்று என்று ஆகும்போது மூளை குழம்புவதே காரணம். கையில் புத்தகமோ செல்போனோ கொடுத்தால் இது கூடும். தூரத்தில் தெரியும் மரம், கோயில், பாலம் இவற்றைப் பார்க்கச் சொல்லி விளையாட்டுக் காட்டினால் குறையும். கிளம்புமுன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இட்லியோ, தயிர் சாதமோ, வாழைப்பழமோ போதும். லுச்சியும் ஆலூர்தமும் போய்ச் சேர்ந்த பிறகு சாப்பிட்டுக் கொள்ளலாம்.

4. சுந்தரவனம்: காடு வருமுன்னே பாடம் தொடங்குகிறது

சயின்ஸ் சிட்டியைத் தாண்டி பாசந்தி நெடுஞ்சாலையில் திரும்பியதும் இருபுறமும் நீர்ப்பரப்பு தெரியும். கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் என்று பெயர். பரப்பு 12,500 ஹெக்டேர். 2002ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நம் வீட்டுச் சாக்கடை நீர் இங்குள்ள "பேரி" எனப்படும் குளங்களுக்கு வந்து, வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் தூய்மையாகி, மீனுக்கு உணவாகிறது. வயல்களுக்கும் பாய்கிறது. நகரத்தின் கழிவுநீரைச் செலவின்றிச் சுத்தம் செய்யும் இந்த ஏற்பாட்டின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற சூழலியல் அறிஞர். 2018ஆம் ஆண்டு மறைந்தார். "நாம குளிச்ச தண்ணியா இது?" என்று பேத்தி கேட்டாள். ஆம் என்றேன். காரை ஓரமாக நிறுத்தி, கொக்குகளை எண்ணச் சொன்னோம். முதல் ஓய்வு இங்கேயே முடிந்தது.

சுமார் 100 கிலோமீட்டர் சென்றதும் கோட்காலி என்ற படகுத்துறையில் சாலை முடிகிறது. எதிர்க்கரையில் கோசாபா தீவு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த சர் டேனியல் ஹாமில்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டுறவுக் குடியேற்றம் அமைத்த ஊர் இது. 1932ஆம் ஆண்டு ரவீந்திரநாத் தாகூர் இங்கு வந்து தங்கினார். காரை இக்கரையில் விட்டுவிட்டுப் படகேற வேண்டும். இதற்குமேல் எல்லாம் நீர்வழிதான்.

படகில் ஏறுமுன் நான்கு விதிகளைக் குழந்தைகளிடம் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்தேன். மிதவைச் சட்டையைத் தூங்கும் நேரம் தவிரக் கழற்றக்கூடாது. கம்பிக்கு வெளியே கையையோ காலையோ நீட்டக்கூடாது. பெரியவர் கையைப் பிடிக்காமல் படகின் ஓரத்துக்குப் போகக்கூடாது. தண்ணீரில் எதையும் போடக்கூடாது. இந்த ஆறுகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. குழந்தையின் அளவுக்குச் சரியான மிதவைச் சட்டை படகில் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டும். பெரியவர்களின் சட்டை குழந்தையின் தலைவழியே நழுவிவிடும்.

சுந்தரவனம் 1973ஆம் ஆண்டு புலிகள் காப்பகமானது. 1984ஆம் ஆண்டு அதன் உட்பகுதி 1,330 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாயிற்று. 1987ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம் பெற்றது. சஜ்னேகாலியில் உள்ள வனத்துறை மையத்தில் அனுமதிச் சீட்டும், உடன் வரும் வழிகாட்டியும் பெற வேண்டும். அங்குள்ள காட்சிக்கூடத்தில் குழந்தைகளுடன் ஒரு மணி நேரம் செலவிட்டால் பின்னர் காட்டில் காண்பது புரியும். சுதன்யகாலியில் காவல் கோபுரம் உண்டு. தோபாங்கியில் வலைக் கூண்டு போட்ட உயரமான நடைபாதை உண்டு. இவ்விடங்களில் மனிதர்கள் கம்பிவலைக்குள் நிற்க, விலங்குகள் வெளியே சுதந்திரமாக உலவுகின்றன. அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு நேர்மாறு இது என்பதைப் பேரன் தானே கண்டுபிடித்துச் சிரித்தான்.

5. ஓதமும் தில்லை மரமும்

நம் குழந்தைகளுக்கு "ஜோயார், பாட்டா" என்ற வங்கச் சொற்கள் ஹூக்ளி நதியால் தெரியும். "ஓதம்" என்ற தமிழ்ச் சொல் தெரியாது. கடல்நீர் உயர்வது உயர் ஓதம், வடிவது தாழ் ஓதம். சுமார் ஆறு மணிக்கு ஒரு முறை மாறும். சென்னைக் கடற்கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுந்தரவனத்தில் அதைப்போல் சில மடங்கு உயர்கிறது. காலையில் பார்த்த சேற்றுக்கரையும் அதில் துள்ளிய மீன்களும், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகளும் மதியம் நீருக்கடியில் போய்விடும்.

சேற்றில் காற்று இல்லை. அதனால் சுந்தரி போன்ற மரங்கள் மூச்சு விடுவதற்கென்றே வேர்களை மேல்நோக்கி அனுப்புகின்றன. கரையெங்கும் முளைக்குச்சி நட்டதுபோல் நிற்பவை இவைதாம். இவ்வகைக் காட்டுக்குத் தமிழில் அலையாத்திக் காடு என்று பெயர். அலையின் வேகத்தை ஆற்றுவதால் வந்த பெயர். 2009ஆம் ஆண்டின் ஐலா, 2020ஆம் ஆண்டின் அம்பன் ஆகிய புயல்களை நேரில் கண்ட நமக்கு இப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இக்காடு இல்லையேல் கொல்கத்தாவின் சேதம் இன்னும் கூடியிருக்கும்.

இங்கே நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மரம் இருக்கிறது. வங்காளிகள் "கெவா" என்றழைக்கும் மரம் கரையோரங்களில் நிறைய வளர்கிறது. இதுவே நம் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வரக் காரணமான மரம், நடராசர் கோயிலின் தல விருட்சம், இன்று அருகில் பிச்சாவரம் காடுகளில் காணப்படுவது, இங்கும் செழித்து நிற்கிறது. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்பதன் இனத்தை இங்கே "கர்ஜன்" என்கிறார்கள். கடலோரம் முழுவதும் ஒரே குடும்பம் என்று நான் சொன்னபோது, "அப்போ சிதம்பரத்துத் தாத்தா வீட்டு மரமா?" என்று பேத்தி கேட்டாள். அவள் கேட்டது கிட்டத்தட்டச் சரிதான். ஒரு எச்சரிக்கை: தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே தீங்கு. எந்த இலையையும் ஒடிக்கக்கூடாது என்ற விதிக்கு இது நல்ல உதாரணம்.

6. புலியைப் பற்றி என்ன சொல்வது?

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இப்பகுதியைத்தான்.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியச் சுந்தரவனத்தில் சுமார் 100 புலிகள் உள்ளன. இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீரிலும் சேற்றிலும் அவை பரவி வாழ்கின்றன. ஹெந்தால் என்ற ஈச்சைப் புதர்களின் மஞ்சள் கலந்த கீற்றுகளுக்கிடையே படுத்தால் பத்தடி தூரத்திலும் தெரியாது. இரண்டு நாள் படகில் சுற்றும் பயணிகளில் பெரும்பாலோர் புலியைக் காண்பதில்லை. இதைக் கிளம்புமுன்னரே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் படகுக்கு அருகே வந்த வேறொரு படகில் ஒரு சிறுமி அழுதுகொண்டே இருந்தாள். அவர்களை அழைத்து வந்த ஏஜென்ட் "புலி நிச்சயம்" என்று உறுதி கொடுத்திருந்தாராம். அவள் பெற்றோர் வழிகாட்டியிடம் சண்டையிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு முன்னால் அப்போது ஒரு மீன்கொத்தி இரையை அடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. உறுதி கொடுத்தவர் அவளிடமிருந்து பறித்தது புலியை மட்டுமல்ல, அந்த மீன்கொத்தியையும்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தேன். விலங்குகளின் அடையாளங்களைத் தேடுவதுதான் வேலை: கால்தடம், எச்சம், கீறல், கூடு, ஒலி. இரண்டாம் நாள் காலை நீர் வடிந்துகொண்டிருந்த நேரம். கரையோரச் சேற்றில் பெரிய வட்டமான தடங்கள் நீர் விளிம்பிலிருந்து காட்டுக்குள் ஏறிச் சென்றன. வழிகாட்டி படகை நிறுத்தச் சொல்லி, புலியின் தடம் என்றார். பேத்தி சற்று நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "பாட்டி, தண்ணி மேலே இருந்தப்போ இந்த இடம் உள்ளே முங்கித்தானே இருந்தது? அப்படின்னா தண்ணி இறங்கின பிறகுதான் புலி நடந்திருக்கு. இன்னிக்கு காலையிலதான்!"

வழிகாட்டிக்கு அதை வங்காளத்தில் சொன்னேன். அவர் பேத்திக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னார். படகில் இருந்த எல்லோரும் வெகு நேரம் பேசாமல் அந்தப் புதரையே பார்த்தோம். புலி வெளியே வரவில்லை. ஆனால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு முன் அது அங்கே நடந்து போயிருக்கிறது என்பதை என் பேத்தி தானே சிந்தித்து அறிந்தாள். முதல் நாள் கற்ற ஓதம் மறுநாள் அவளுக்குக் கடிகாரமாயிற்று. பார்க்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்குக் காட்டில் ஏமாற்றமே இல்லை.

பேரனின் கேள்வி வேறு. "புலி மனுஷங்களைச் சாப்பிடுமா?" இதற்குப் பொய் சொல்லக்கூடாது. இங்கே மீன் பிடிக்கவும், நண்டு பிடிக்கவும், தேன் எடுக்கவும் போகும் ஏழைகள் புலியால் உயிரிழப்பது உண்மை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நாம் இறங்கிய அதே படகுத்துறையில் விளையாடுகிறார்கள். இதைச் சிறு குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு அந்த ஊர் மக்களே வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் பன்பீபி கதை. துக்கே என்ற ஏழைச் சிறுவனைத் தேனெடுக்க அழைத்துச் சென்ற தோனா, பேராசையால் புலியுருவில் வரும் தக்கிண் ராயிடம் அவனை விட்டுவிட்டு வந்துவிடுகிறான். துக்கே வனத்தாயான பன்பீபியை நினைந்து அழைக்க, அவள் வந்து காப்பாற்றுகிறாள். பின்னர் காட்டில் புலிக்கும் இடமுண்டு, மனிதனுக்கும் இடமுண்டு, பேராசையுடன் நுழையக்கூடாது என்று ஏற்பாடு செய்கிறாள். காட்டுக்குள் போகுமுன் இந்துக்களும் முஸ்லிம்களும் அவளை வணங்குகிறார்கள். அவளுக்குச் சிறு கோயில்கள் தீவெங்கும் உண்டு. அன்றிரவு இக்கதையைச் சொன்னேன். "புலிக்கும் பசிக்கும். அதோட வீட்டுக்குள்ள நாம் தேவைக்கு மேல போகக்கூடாது" என்று முடித்தேன். பேரன் பயமின்றித் தூங்கினான்.

7. வட வங்கம்: மூன்று நாள் சாலை

சிலிகுரிக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பெரியவர்கள் ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளுடன் நாங்கள் மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டோம்.

முதல் நாள் பஹரம்பூர் வரை, சுமார் 200 கிலோமீட்டர். வழியில் கிருஷ்ணநகரில் கூர்ணி என்ற பகுதியில் களிமண் பொம்மை செய்பவர்களைப் பார்த்தோம். அதற்கப்பால் பிளாசி. 1757ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி நடந்த போரைப் பேத்தி பாடத்தில் படித்திருந்தாள். இரண்டாம் நாள் பராக்கா அணை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த அணை 1975ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. கங்கை நீரின் ஒரு பகுதியை ஹூக்ளிக்குத் திருப்பி, கொல்கத்தாத் துறைமுகம் வண்டல் சேர்ந்து தூர்ந்துவிடாமல் காப்பதே இதன் நோக்கம். பாபுகாட்டில் நாம் பார்க்கும் நீரில் இங்கிருந்து வருவதும் கலந்திருக்கிறது. அன்று மாலை ராய்கஞ்ச் சேர்ந்தோம். ஊரை ஒட்டிய குலிக் பறவைகள் சரணாலயத்தில் நத்தைகுத்தி நாரைகள் மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகின்றன. அக்டோபரில் குஞ்சுகள் வளர்ந்து பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. நம் வேடந்தாங்கலுக்கு வரும் அதே இனம். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அலகைப் பார்த்துப் பேரன், "பாக்குவெட்டி மாதிரி இருக்கு" என்றான்.

மூன்றாம் நாள் சிலிகுரி வழியாகத் தீஸ்தாவைக் கடந்து லாட்டாகுரி. கோருமாரா தேசியப் பூங்கா சுமார் 80 சதுர கிலோமீட்டர்தான். உள்ளே நம் கார் செல்ல முடியாது. அனுமதி பெற்ற ஜீப்பில் வழிகாட்டியுடன் செல்ல வேண்டும். காலைச் சுற்றுக்குக் குழந்தைகளை எழுப்புவது சிரமம் என்றால் மாலைச் சுற்றை எடுத்துக்கொள்ளலாம். ஜாத்ராபிரசாத் என்ற வளர்ப்பு யானையின் பெயரால் அமைந்த கோபுரத்திலிருந்து மூர்த்தி ஆற்றுப் பள்ளத்தில் காண்டாமிருகம், காட்டெருமை, மயில் ஆகியவற்றைக் கண்டோம். சிறு குழந்தைகளுக்குக் கோபுரமே நல்லது. ஜீப்பில் குலுங்கிக்கொண்டே தேடுவதைவிட ஓரிடத்தில் அமர்ந்து பார்ப்பது எளிது.

அங்கிருந்து இரண்டு மணிப் பயணத்தில் மதாரிஹாட், ஜல்தாபாரா. 1941ஆம் ஆண்டு காண்டாமிருகத்துக்காகவே சரணாலயமாக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு இது. கொம்புக்காக வேட்டையாடப்பட்டு, 1980களின் நடுவில் காண்டாமிருகங்கள் 14 என்ற அளவுக்குக் குறைந்துவிட்டன. காவலும் புல்வெளிப் பராமரிப்பும் பெருகியதால் இன்று ஏறத்தாழ 300 உள்ளன. காஜிரங்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் அதிகம் இங்கேதான். அந்தக் கொம்பு நம் நகத்தில் உள்ள அதே பொருளால் ஆனது, அதற்கு மருந்துச் சக்தி எதுவும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அழிந்துபோகும் நிலையிலிருந்த ஒன்றை மனிதர்கள் முயன்றால் மீட்க முடியும் என்பதற்கு இக்காடு கண்முன் நிற்கும் சான்று. காட்டின் நடுவே 1967ஆம் ஆண்டு கட்டப்பட்ட புகழ்பெற்ற ஹோலோங் மரவீடு 2024ஆம் ஆண்டு ஜூனில் தீக்கிரையாகிவிட்டது. மூத்த வாசகர்கள் சிலர் அங்கே தங்கியிருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. லாட்டாகுரியிலிருந்து சால்சா செல்லும் சாலை காட்டின் ஊடே போகிறது. யானைகள் சாலையைக் கடக்கும். மாலைக்குப் பின் அவ்வழியே போக வேண்டாம். யானை தென்பட்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல், இறங்காமல் காத்திருக்க வேண்டும். படம் எடுக்கக் கிட்டே போகவே கூடாது. இப்பகுதி ரயில் பாதையில் 2013ஆம் ஆண்டு நவம்பரில் சாப்ராமாரி அருகே ஒரே விபத்தில் ஏழு யானைகள் மடிந்தன. யானையின் வழியில் குறுக்கே பாதை போட்டவர்கள் நாம். பொறுத்திருக்க வேண்டியவர்களும் நாமே.

8. மருந்துப் பெட்டி

குழந்தையின் வழக்கமான மருந்துகள், காய்ச்சல் மருந்து, வெப்பமானி, பஞ்சு, காயமருந்து, கொசுவலை, முழுக்கைச் சட்டைகள் கட்டாயம். வட வங்கத்தில் மலேரியாவும் மூளைக்காய்ச்சலும் உண்டு. தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்பதைக் கிளம்பும் ஒரு மாதத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுந்தரவனத்தில் ஆற்றுநீர் உப்பு. குடிநீரைத் தேவைக்கு மேலாகவே எடுத்துச் செல்லவும். தீவுகளிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டுமானால் படகில் கோட்காலி வந்து, பின் சாலை வழியே கேனிங் வர வேண்டும். இரவில் இது எளிதல்ல. குழந்தைக்கு முதல் நாள் காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. முன்பணம் போனால் போகட்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் நான்கைந்து வேண்டும். பாக்கெட்டில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில், சாதாரணமாக ஒரு லிட்டர் நல்ல நீரில், முழுவதும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்குமேல் வைக்கக்கூடாது. பாக்கெட் இல்லையெனில் ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 1971ஆம் ஆண்டு பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, நம் நகரத்து டாக்டர் திலீப் மகலானபீஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றி, உலகுக்கு இதன் பயனை நிரூபித்தார். 2022ஆம் ஆண்டு மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

9. திரும்பி வந்த பின்

பயணத்தின் பாதிப் பயன் வீடு திரும்பிய பிறகுதான். நோட்டுப் புத்தகத்தில் கண்டவற்றை மூன்று பத்திகளில் எழுதச் சொன்னேன்: வங்காளப் பெயர், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர். மான், உடும்பு, மீன்கொத்தி, நாரை, காண்டாமிருகம், தில்லை என்று தமிழ்ப் பத்தி தானாக நிறைந்தது. பேரனுக்கு இன்னும் எழுத வராது. அவன் படம் வரைந்தான். பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்குச் சொல்லை மனப்பாடம் செய்விப்பதைவிட, பொருளைக் காட்டிச் சொல்லைக் கொடுப்பது எளிது என்று கண்டேன். தெரியாத பெயர்களை ஊரிலுள்ள தாத்தாவிடம் போனில் கேட்டார்கள். அவருக்கும் அது ஒரு மகிழ்ச்சி.

தூரம், ஆபத்து, புலி தெரியாது என்று தொடக்கத்தில் சொன்ன மூன்று தயக்கங்களுக்கும் விடை இதுதான். தூரத்தைப் பிள்ளையின் அளவுக்குத் துண்டு போடுங்கள். ஆபத்தை மறைக்காமல் விதிகளாகச் சொல்லிக் கொடுங்கள். புலியை எதிர்பார்த்துப் போகாமல், தடங்களைத் தேடப் பழக்குங்கள். வரும் குளிர்கால விடுமுறையில் முதலில் சுந்தரவனத்துக்கு இரண்டு இரவு போய் வாருங்கள். உங்கள் குழந்தைகள் எழுதும் நோட்டுப் புத்தகங்களிலிருந்து ஓரிரு பக்கங்களை நம் இதழுக்கு அனுப்பினால், மற்றக் குழந்தைகளும் படித்துப் பயனடைவார்கள்.